காற்று முகத்துக்கு வருகிறது

அக்கா போனில் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"ஏய், வண்டியில இப்ப காத்து மூஞ்சிக்கு வருதுடி! மாமா அவரே சரி பண்ணிட்டாரு."

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அக்கா வீட்டுக்காரர் எதையாவது சரி பண்ணிவிட்டார் என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் யாரும் கை தட்ட மாட்டார்கள். அவர் கை வைத்த ஃபேன் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது, நிறுத்தத்தான் முடியாது. 'எஞ்சினியர்' என்று அவருக்குப் பேர் வைத்ததே நான்தான். பதிலுக்கு அவர் எனக்கு வைத்த பேர் 'வக்கீலம்மா'.

மாமா ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்து லோடு அடிக்கிறார். நான் வண்டி உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்கிறேன். மூன்று மாதமாக அந்த வண்டியில் ஒரே புகார். காற்றைத் திருப்பும் குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் காற்று முன்கண்ணாடிக்குத்தான் போகும். முகத்துக்கும் வராது, காலுக்கும் வராது. வேர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்து புலம்புவார்.

நான் அப்போதே தெளிவாகச் சொன்னேன். காற்றைத் திருப்பிவிடும் தகட்டை இழுப்பது கம்பி இல்லை, வேக்குவம். என்ஜினோடு சுற்றும் ஒரு பம்ப் சின்னப் பைப் வழியாக உறிஞ்ச, அந்த உறிஞ்சலில்தான் தகடு முகத்துப் பக்கம் நகரும். உறிஞ்சல் போய்விட்டால் ஸ்பிரிங் அதைக் கண்ணாடிப் பக்கமே தள்ளிவிடும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். முகம் வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். மலையில் கண்ணாடி வேர்த்தால் பாதையே தெரியாது.

"உள்ள எங்கயோ பைப் வெடிச்சிருக்கு மாமா. டேஷ்போர்டைக் கழட்டித் தேடி மாத்துங்க. அதுவரைக்கும் கண்ணாடிக்கே வரட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது."

டேஷ்போர்டைக் கழற்ற அவருக்குச் சோம்பல். அதோடு விஷயம் நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

"எப்படிக்கா சரி பண்ணாரு? டேஷ்போர்டைக் கழட்டினாரா?"

"அதெல்லாம் எதுக்கு? பானெட்டைத் திறந்து அஞ்சு நிமிஷத்துல ஏதோ மூணு வழி பைப்பு வச்சாரு. அவ்ளோதான். இப்ப ஜிலுஜிலுன்னு வருது."

மூணு வழி பைப்பு.

முந்தாநாள் மாமா கடைக்கு வந்து ஒரு டீ-ஜாயின்ட் வாங்கிப் போனார். இரண்டு வாய் தடிமன், ஒரு வாய் ஒல்லி. எதுக்கு மாமா என்றேன். வீட்டுத் தண்ணி மோட்டாருக்கு என்றார். "மோட்டாராவது பொழச்சுப் போகட்டும்" என்று சொன்னேன். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்தத் தடிமனில் அந்த வண்டியில் ஒரே ஒரு பைப்தான் உண்டு. பம்பிலிருந்து பிரேக்குக்குப் போகிற பைப். லோடு வண்டியைக் கால் நுனியால் மிதித்து நிறுத்த முடிகிறதென்றால், அந்த உறிஞ்சல் மிதிக்குத் துணை செய்வதால்தான். மனுஷன் ஓட்டையை அடைக்கவில்லை; பிரேக் பைப்பை வெட்டி டீ-ஜாயின்டைச் செருகி, அங்கிருந்து அந்த வெடித்த பைப்புக்கு உறிஞ்சல் எடுத்திருக்கிறார். ஓட்டை வாளிக்குக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டிருக்கிறார். தண்ணீருக்குப் பதில் போய்க்கொண்டிருப்பது பிரேக்கின் பலம்.

 என்ஜின் வேகமாகச் சுற்றும் வரை பம்ப் எப்படியாவது ஈடுகட்டிவிடும். ஆனால் மாமா டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற ஆள். அப்போது என்ஜின் மெதுவாகத்தான் சுற்றும், பம்ப் ஈடுகொடுக்காது.

"அக்கா, இப்ப எங்க இருக்கீங்க?"

"மலை மேலதான். உருளைக்கிழங்கு மூட்டை ஏத்தியாச்சு. வண்டி நிறைஞ்சுபோச்சு. இதோ இறங்கிக்கிட்டே இருக்கோம், சும்மா காத்து வாங்கிட்டே—"

"நிறுத்தச் சொல்லு! மாமாகிட்ட குடு, அக்கா, அக்கா!"

போன் செத்துவிட்டது. அந்த மலைப்பாதையில் இரண்டு மூன்று வளைவுகளில்தான் சிக்னல் கிடைக்கும். திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை அறையலாம் போலிருந்தது.

கடைக்குப் பக்கத்து ஷெட்டில் பிரேக் வேலை பார்க்கிற அண்ணன் இருக்கிறார். ஓடிப் போய் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"முழு லோடா?"

"ஆமாண்ணே."

"நியூட்ரல்ல விடுவாரா?"

தலையாட்டினேன்.

"நாலு தடவை மிதிச்சா பெடல் கல்லாயிடும்மா. அப்புறம் எழுந்து நின்னு ரெண்டு காலாலயும் மிதிக்கணும்."

"மிதிச்சா நிக்குமா?"

"பதட்டப்படாம மிதிச்சா நிக்கும்." பைக் சாவியை எடுத்தார். "உக்காரு. அடிவாரத்துக்குப் போயிடலாம்."

போய் என்ன செய்யப் போகிறோம் என்று இருவருக்கும் தெரியாது. கையைக் காட்டினால் நிற்கிற வண்டியாக இருந்தால் நாங்கள் ஏன் போகிறோம்? ஆனாலும் கடையில் நின்றுகொண்டிருக்க என்னால் முடிந்திருக்காது.

அடிவாரத்தில் கடைசி வளைவு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே இறங்கினோம். மலையின் மேல்பாதியைக் காணோம். பனி மூடிக் கிடந்தது. ஒரு பஸ் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அதற்குள்ளிருந்து வந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எத்தனையாவது தடவையோ, திடீரென்று மணி அடித்தது. அக்கா எடுத்துவிட்டாள்.

"ஒரே பனிடி இங்க." குரலில் சந்தோஷம் இல்லை. "கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாயிடுச்சு. ஒண்ணுமே தெரியல. நான் துணி வச்சுத் துடைச்சுக்கிட்டே இருக்கேன்."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "என்னடா இது, பிரேக்கு இப்படி முரண்டு பிடிக்குது!"

"அக்கா, குமிழைத் திருப்பு! காத்தைக் கண்ணாடிக்குத் திருப்பு!"

"எந்தக் குமிழு? அதைத் தொடாதன்னு மாமா சொல்லியிருக்காரு, இப்பதான சரி பண்ணி..."

"திருப்புடி! கண்ணாடிக்குத் திருப்புடி! கியர்ல போடச் சொல்லு!"

கொரகொரவென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

குமிழ் கண்ணாடிப் பக்கம் இருந்தால் அந்த வெடித்த பைப்புக்குப் போகிற வழி அடைபடும். பிரேக்கின் உறிஞ்சல் பிரேக்குக்கே திரும்பும். கண்ணாடியும் தெளியும். ஒரு திருப்பு, அவ்வளவுதான் வேலை. அவள் காதில் அது விழுந்ததா என்பதுதான் தெரியவில்லை.

டீக்கடைக்காரர் ஸ்டூல் போட்டார். என்னால் உட்கார முடியவில்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவள் இல்லாத வீட்டை ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். மாமா ஏன் மோட்டாருக்கு என்று பொய் சொன்னார்? உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த டீ-ஜாயின்டை நான் கொடுத்தே இருக்க மாட்டேன். ஆனால் அதோடு விட்டிருப்பேனா? கடை முழுக்கக் கேட்கும்படி எஞ்சினியர் பட்டத்தை இன்னொரு தடவை வழங்கியிருப்பேன். மனுஷன் என் வாய்க்குப் பயந்து பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் இப்போது எனக்கே திரும்பி வந்துவிட்டது.

ஒரு கார் வந்தது. ஒரு பால் வண்டி வந்தது. ஒவ்வொன்றும் வளைவில் தலை காட்டும்போது நான் சாலைக்கு ஓடினேன்.

அண்ணன் கையைத் தூக்கினார். "சத்தத்தைக் கேளு."

எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. அடித்தொண்டையில் உறுமுகிற என்ஜின்.

"கியர்லதான் வருது" என்றார்.

வளைவு திரும்பி வண்டி வந்தது. நான் மாமாவைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். மேல்பாதி இன்னும் மங்கலாக இருந்தது. கீழே விளிம்பை ஒட்டி இரண்டு பெரிய பிறைகளாகப் பளிச்சென்று தெளிந்திருந்தது. கண்ணாடிக்குக் காற்று வந்தால்தான் அப்படித் தெளியும். அக்கா காதில் விழுந்திருக்கிறது. 

வண்டி டீக்கடையைத் தாண்டி ஒழுங்காக நின்றது. மாமா சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"என்ன வக்கீலம்மா, வரவேற்பெல்லாம் பலமா இருக்கு? நடுவுல பிரேக்கு கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. அப்புறம் தானா சரியாயிடுச்சு."

"தானா ஒண்ணும் ஆகல." அக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கை இன்னும் குமிழின் மேல்தான் இருந்தது. "ரெண்டு தடவை மறுபடி மூஞ்சிக்குத் திருப்ப வந்தாரு. கையைத் தட்டிவிட்டேன். போன்ல பாதி எனக்குப் புரியவே இல்லடி. ஆனா நீ என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டே. பொறந்ததுலேர்ந்து நீ அப்படிக் கூப்பிட்டதே இல்ல. ஏதோ உசுரு போற விஷயம்னு தெரிஞ்சுபோச்சு."

அண்ணன் பானெட்டைத் திறந்து டீ-ஜாயின்டை விரலால் தொட்டுக் காட்டினார். எது எங்கே போகிறது என்று இரண்டு வார்த்தையில் சொன்னார். மாமா எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வழக்கம்போலத் திட்டு வாங்கத் தயாராகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

நான் வாயைத் திறந்தேன். 

"சொல்லு, சொல்லு. நீ விடுவியா?"

நான் திட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் முட்டியது.

மாமாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. திரும்பி மலையைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். பிறகு சாலையோரக் கல்லில் மெதுவாக உட்கார்ந்தார். 

"அவ்ளோ மோசமா?" என்று கேட்டார்.