கண்மாய்ப் புல்லும் இருபத்தைந்தாவது பெயரும்

பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்த இருபத்து நான்கு பேரில் ஒருவரிடம்கூடச் செம்மறி ஆடு கிடையாது. அறுபத்திரண்டு ஆடு வைத்திருந்த சின்னத்தாய், சமுதாயக் கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தப்பட்டிருந்தாள்.

வாசலில் கட்டியிருந்த பேனரில் ‘மேய்ச்சல் மேலாண்மை மற்றும் நீடித்த வேளாண்மை - மூன்று நாள் உழவர் பயிற்சி’ என்று அச்சடித்திருந்தது. மதுரையிலுள்ள ஒரு அறக்கட்டளை நடத்தியது. முதல் நாள் கூடத்தில் படம் போட்டுப் பாடம். இரண்டாம் நாள் ஊர்க் கண்மாயின் உள்வாயில், தண்ணீர் வற்றிய பரப்பில், கயிறு கட்டி, நான்கு தடுப்பாகப் பிரித்து, ஆட்டை மேயவிட்டுக் காட்டும் செயல்விளக்கம். மூன்றாம் நாள், பயிற்சி முடித்தவர்களைக் கொண்டு மேய்ச்சல் குழு அமைப்பது. செயல்விளக்கத்துக்கு ஆடு வேண்டும் என்பதற்காகத்தான் சின்னத்தாயை வரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். மேசையில் பதிவேட்டோடு இருந்தவள் அறக்கட்டளையைச் சேர்ந்த வசுந்தரா. முப்பது வயதுக்குள் இருக்கும், வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் வீடு.

“நானும் உக்காரலாமாம்மா?”

“பட்டா நம்பர் சொல்லுங்கக்கா.”

“நிலம் இருந்தா நான் ஏன்மா ஆட்டுக்குப் பின்னாடி அலையிறேன்?”

“அப்ப உழவர் பட்டியல்ல வராதுக்கா. நீங்க நாளைக்கு ஆடு மட்டும் கொண்டாங்க. ஒரு நாள் சம்பளம் போட்டுத் தந்துர்றோம்.”

முன்வரிசையில் ஜெயபாண்டி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். “ஆட்டுக்குத்தான் வேலை. ஆட்டுக்காரிக்கு இங்க என்ன? போத்தா, வெளிய நில்லு. நாத்தம் அடிக்குதுல்ல.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். சின்னத்தாய் சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். “உங்க காட்டுல புழுக்கை விழுறப்ப மணக்குது. இங்க நாறுதாக்கும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வந்தாளே தவிர, போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். பஞ்சாயத்தில் இந்த வருடம் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். கண்மாய் வற்றியபின் உள்வாயில் கிடக்கும் புல்லை யார் மேய்க்கலாம், எத்தனை நாள் மேய்க்கலாம் என்பதை இனி மேய்ச்சல் குழுதான் முடிவு செய்யும். குழுவில் பயிற்சிச் சான்றிதழ் உள்ளவருக்கு மட்டுமே இடம். பங்குனி பாதியிலிருந்து ஆடி வரை அந்தப் புல்லையும் உதிரும் கருவேலங்காயையும் நம்பித்தான் அவள் மந்தை உயிர் பிழைத்தது. அது இல்லையென்றால் பாதி ஆட்டை வைகாசிக்குள் விற்றாக வேண்டும். புருஷன் கருப்பு பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அவன் கூலி வீட்டு அரிசிக்குச் சரியாகப் போகும். அறுபத்திரண்டு ஆட்டுக்குத் தீவனம் வாங்கக் காணாது.

ஜெயபாண்டிக்கு அந்தப் புல்லில் ஆடு இறங்கவே கூடாது. மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய மந்தை அவனது உளுந்தில் பாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு என்றால் அது ஏச்சுதான். ஆனாலும் அறுப்பு முடிந்ததும் அவனுடைய மானாவாரிக் காட்டில் அவள் கிடை வருடம் தவறாமல் விழுந்தது. நாற்பது இரவு மந்தை அங்கே அடைந்து சாணமும் மூத்திரமும் போட்டால்தான் அந்தச் செவல் மண்ணில் மறு வெள்ளாமை தேறும். அந்தப் பேச்சை மட்டும் ஜெயபாண்டியின் பெண்டாட்டி வந்து பேசிவிட்டுப் போவாள்.

ஜன்னல் வழியே பாடம் விட்டு விட்டுக் கேட்டது. புல்லை நாலு விரல் உயரத்துக்குக் கீழே மேயவிடக் கூடாது. அதற்கும் கீழே போனால் வேர் மெலியும். ஒரு தடுப்பில் மேய்ந்ததும் மந்தையை அடுத்ததுக்கு மாற்ற வேண்டும். ஒரு சாண் வளர்ந்த பிறகே திரும்ப விட வேண்டும். சின்னத்தாய்க்குக் கண்மாயின் வடகரை ஞாபகம் வந்தது. போன வருடம் அங்கே கோரைகூட முளைக்கவில்லை. வெயிலென்று நினைத்திருந்தாள். இப்போது நினைத்ததை யாரிடமும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கண்மாயில் கயிறு கட்டித் தயாராக இருந்தது. படம் எடுக்க ஒருவர் கேமராவோடு நின்றார். சின்னத்தாய் மந்தையைக் கரையிலேயே நிறுத்திவிட்டாள்.

“உள்ள விடுங்கக்கா” என்றாள் வசுந்தரா.

“எம் பேரை எழுதும்மா. விடுறேன்.”

“அதான் நேத்தே சொன்னேன்ல, என் கையில இல்லக்கா.”

“ஆடும் என் கையில இல்லம்மா. கூப்புட்டுப் பாரு, வருதான்னு.”

ஜெயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். “இவகிட்ட என்ன மேடம் கெஞ்சிக்கிட்டு? ஆட்டை ஓட்ட ஆளா இல்ல? ஏய், வாங்கடா.” நான்கு பேர் குச்சியோடு கரையேறினார்கள். ஹேய் ஹேய் என்று கத்தினார்கள். முன்னால் நின்ற கிடா ஒருமுறை அவர்களைப் பார்த்தது, பிறகு சின்னத்தாயைப் பார்த்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. மந்தை மொத்தமும் கிடாவைச் சுற்றி இறுகி, தலையை ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று செருகிக்கொண்டு நின்றது. பின்னால் இருந்து குச்சி விழ விழ இன்னும் இறுகியதே தவிர ஒரு அடி நகரவில்லை. ஜெயபாண்டி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு தடுப்புக்குள் ஓடினான், தாய் பின்னால் வரும் என்று. தாய் வந்தது, கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று கம்பு வரிசையாகச் சாய்ந்தது. கயிறு காலில் மாட்டி அவன் சேற்றுக் குழியில் முழங்காலிட்டான். கேமராக்காரர் அதைப் படம் எடுத்தாரா என்று தெரியவில்லை.

“அழிச்சிருங்க” என்றான் ஜெயபாண்டி அவரிடம்.

வசுந்தரா நெற்றியைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பப் படிவத்தை எடுத்து முதலிலிருந்து படித்தாள். “அக்கா, பட்டா இல்லாட்டி குத்தகைச் சீட்டு இருந்தாலும் போதும்னு போட்டிருக்கு. யார் நிலத்தையாவது குத்தகைக்குப் பாக்குறீங்களா?”

சின்னத்தாய் ஜெயபாண்டியைக் கைகாட்டினாள். “வருசத்துக்கு நாப்பது ராத்திரி இந்தாளு காட்டுலதான் என் கிடை. எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

“கிடை போட்டா குத்தகையாடி? இன்னைக்குச் சீட்டுல எழுதுவேன். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போயி நான்தான் உழுகுடி, குத்தகைக்காரின்னு உக்காருவ. எங்கப்பன் சம்பாதிச்ச காடு அது.”

“உன் காடு யாருக்குப்பா வேணும்? ஒரு வருசம் என் ஆடு படுக்கலைன்னா எள்ளுகூட முளைக்காது அதுல.”

“முளைக்காமப் போகட்டும். கையெழுத்து விழாது.”

வசுந்தரா கடிகாரத்தைப் பார்த்தாள். நண்பகலுக்குள் சீட்டு வந்தால் பெயர் எழுதுவதாகச் சொன்னாள். குரலில் கனிவு எதுவும் இல்லை. செயல்விளக்கம் நடந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

சின்னத்தாய் பக்கீர் முகமதுக்குப் போன் போட்டாள். மதுரை டவுனுக்குள் அவருக்குக் கறிக்கடை. பரவைக்கு மேற்கே, இந்த ஊரை ஒட்டி ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கோடையில் புல் கருகியதும் அவள் விற்கும் ஆட்டை வாங்குகிறவர் அவர்தான். ஒரு மணி நேரத்தில் மொபெட்டில் வந்து சேர்ந்தார்.

“எம்புட்டு உருப்படி தள்ளுற?” என்றார் வண்டியை நிறுத்தும் முன்பே.

“ஒண்ணும் தள்ளல பாய். உங்க முள்ளுக்காட்டை ஒரு வருசம் எனக்குக் குத்தகைக்கு எழுதிக் குடுங்க.”

பக்கீர் முகமது அவளையும் கயிற்றையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். விவரம் கேட்டுக்கொண்டார். “அப்ப உனக்குப் புல்லு கிடைச்சா எனக்கு ஆடு கிடைக்காது. என் தலையில நானே மண்ணள்ளிப் போடச் சொல்ற.”

“காஞ்ச ஆட்டை வாங்கி என்ன செய்வீக? எலும்பைத்தான் தொங்கவிடணும்.”

“வாயி மட்டும் கொழுத்துக் கெடக்கு உனக்கு. சரி. பக்ரீத்துக்கு முந்தி உன் கிடாய்கள்ல முதல் பொறுக்கு எனக்கு. எனக்குப் பிடிச்சதை நான் எடுப்பேன். நீ அதைக் குடு, இதை விடுன்னு பேசப்படாது.”

அந்த வருடம் அவள் வளர்த்ததில் இரண்டு கிடாய் தனியாகத் தெரியும். அவர் கண் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. “சரி” என்றாள் சின்னத்தாய். மொபெட் சீட்டின் மேல் தாளை வைத்து அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் இருபத்தைந்தாவதாக அவள் பெயர் ஏறியது. அவள் கரையிலிருந்து இறங்கி நாக்கை மடித்து ஒரு குரல் கொடுத்தாள். மந்தை அவிழ்ந்து, வரிசையாக முதல் தடுப்புக்குள் போனது.

மூன்றாம் நாள் கூடத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிகள் இரண்டிலும் யாரும் உட்காரவில்லை. அவள் ஒன்றில் துணிப்பையையும் இன்னொன்றில் தண்ணீர்ப் பாட்டிலையும் வைத்துக்கொண்டாள்.

வசுந்தரா சுவரில் கண்மாயின் படத்தைப் போட்டாள், மேலிருந்து எடுத்தது. மூன்று பக்கம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. வடகரை மட்டும் திட்டுத் திட்டாக வெறும் மண். “இது ஏன் இப்படி ஆச்சு?”

“அந்தா உக்காந்திருக்காள்ல, அவளைக் கேளுங்க” என்றான் ஜெயபாண்டி. எழுந்தும் நின்றான். “ஒரு வருசத்துக்குக் கண்மாய்க்குள்ள ஆடே இறங்கக் கூடாது. புல்லுக்கு ஓய்வு வேணும்னு நீங்கதான சொன்னீங்க. இதைத் தீர்மானமாப் போடுங்க.”

பல தலைகள் ஆடின. சின்னத்தாய் எழுந்து சுவருக்கு மிக அருகில் போய் நின்று படத்தைப் பார்த்தாள். திரும்பிப் பேசும்போது குரல் சன்னமாகத்தான் வந்தது.

“என் ஆடு மேஞ்சது நிசந்தான். நாலு விரக்கடைக்குக் கீழ விட்டுட்டேன். தெரியல, விட்டுட்டேன்.”

“ஒத்துக்கிட்டாளா? எழுதுங்க மேடம்.”

“இரு. நான் முடிக்கல. இங்க பாருங்க, வட்டம் வட்டமா வழுக்கையாத் தெரியுதுல்ல. தட்டு வச்சு வரைஞ்ச மாதிரி. ஆடு நடந்துக்கிட்டே மேயும், அது வட்டம் போடாது. முளையடிச்சுக் கட்டுன மாடுதான் கயிறு எட்டுற மட்டும் சுத்திச் சுத்தி வேரோட வழிக்கும். எண்ணிக்கங்க, ஆறு வட்டம். போன வருசத்துலருந்து ரெண்டு ஜெர்சி மாட்டை அங்க கட்டுறது யாரு?”

கூடம் முழுக்க ஜெயபாண்டியைப் பார்த்தது. எல்லாருக்கும் தெரியும். பின்வரிசையில் ஒருவன், “மாப்ள, உன் மாட்டுக்கும் சான்றிதழ் வாங்கிரு” என்றான். சிரிப்பு இந்த முறை வேறு பக்கம் கேட்டது.

“வடகரையை மூடுங்க” என்றாள் சின்னத்தாய். “ஆடு, மாடு எதுவும் இறங்கப்படாது, அடுத்த மழை வரைக்கும். மிச்சத்தை மூணு தடுப்பாக்கி மாத்தி மாத்தி விடுங்க. நாலு விரல்னா நாலு விரல்.”

இரண்டு யோசனையையும் வசுந்தரா பலகையில் எழுதிக் கை தூக்கச் சொன்னாள். ஆடே கூடாது என்பதற்குப் பன்னிரண்டு கை. சின்னத்தாயின் யோசனைக்குப் பதிமூன்று, அவளுடைய கையையும் சேர்த்து. ஜெயபாண்டி திரும்பத் திரும்ப எண்ணச் சொன்னான். எண்ணினார்கள், பதிமூன்றுதான். அவன் சமாதானம் ஆகட்டுமென்று, தினமும் புல்லை அளந்து மந்தையை எப்போது மாற்றுவது என்று சொல்லும் பொறுப்பை அவனுக்கே கொடுத்தார்கள்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது அவன் படியில் காத்திருந்தான்.

“இனிமே என் காட்டுல உன் கிடை விழாது.”

“சரி. மண்ணுக்கு என்ன போடுவ?”

“உர மூட்டை வாங்கிப் போடுவேன்.”

“அதைக் கொறைக்கச் சொல்லித்தான மூணு நாளாப் பாடம் நடத்துனாக. வடையைத் தின்னுட்டுத் தூங்கிட்டியா?”

அன்று சாயங்காலமே அவள் பக்கீர் முகமதின் முள்ளுக்காட்டில் பட்டி அடைத்தாள். முள் பொறுக்கி இடம் செய்ய இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாலு ஆட்டுக்குக் குளம்பில் முள் ஏறியிருந்தது. கருப்பு மார்க்கெட்டிலிருந்து வந்து, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். “நல்ல குத்தகை” என்றான். அவள் அடுத்த ஆட்டின் காலைத் தூக்கிப் பிடித்தாள்.

குழு அமைத்த எட்டாம் நாள் காலை முதல் தடுப்பில் மந்தை மேய்ந்துகொண்டிருந்தபோது ஜெயபாண்டி வந்தான். புல்லுக்குள் உட்கார்ந்து விரலை மண்ணில் ஊன்றினான்.

“முடிஞ்சது. நாலு விரல். ஓட்டு.”

அவளும் எதிரே உட்கார்ந்து தன் கையை வைத்தாள். “எனக்கு இன்னும் ஒரு விரல் மிச்சமிருக்கு. உன் விரல் உலக்கை.”

“குழுவுல என் பேரைத்தான் போட்டிருக்கு. உன் விரலைப் போடல.”

“அங்கிட்டு வந்து அளந்து பாரு, தைரியம் இருந்தா.”

அவன் நாலு இடத்தில் அளந்தான். அவள் அவன் பின்னாலேயே போய் நாலு இடத்தில் அளந்தாள். மூன்று இடத்தில் புல் அவள் விரலுக்கும் கீழேதான் இருந்தது. அவள் எழுந்து கையைத் தட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

“நாளைக்கு ஆறு மணிக்கே வருவேன்” என்றான் ஜெயபாண்டி. “விடியமுன்ன மேயவிட்டு ஏமாத்தலாம்னு பாக்காத.”

“வா. வாரப்ப உன் மாட்டையும் வடகரையிலருந்து பிடிச்சிட்டு வா. நேத்து சாயந்தரம் புதுசா ஒரு முளை அடிச்சிருக்க, பாத்தேன்.”

அவன் வடகரைப் பக்கம் நடந்தான். அவள் குரல் கொடுத்தாள். ஆடுகள் இரண்டாம் தடுப்புக்குள் போயின.