அட்டையில் பதிந்த அஞ்சு விரல்

பணம் தந்தியில் வரும் என்று செல்லியம்மாள் முதன்முதலில் சொன்னபோது புதூர்நாட்டில் சிரிக்காத வாய் கிடையாது. கம்பியில நோட்டு ஓடி வந்தா மழையில நனையாதா, நடுவுல குரங்கு புடிச்சிக்கினா இன்னா பண்ணுவ என்று அவள் வீட்டுக்காரன் ரங்கனே கேட்டான். அவள் அசருகிற ஆளா? கம்பியே இல்லாம உன் டிரான்சிஸ்டர்ல பாட்டு வருதே, அத்த எந்தக் குரங்கு புடிச்சிது என்று திருப்பிக் கேட்டாள். அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான்.

சங்கதி இதுதான். தை பிறந்தால் மலையில் கடுக்காய் பொறுக்குவார்கள். கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டையை எடுத்துவிட்டு, சதையைக் காயவைத்து மூட்டை கட்டினால் வாணியம்பாடிக்குப் போகும். தோல் பதனிட அது இல்லாமல் ஆகாது. மூட்டையை ஜீப்பில் ஏற்றிப் போவது கோபால்சாமி. விற்ற காசைக் கொண்டுவருவதும் அவன்தான். பதினஞ்சு நாள் கழித்து வருவான், ரூபாய்க்கு நாலணா எடுத்துக்கொள்வான், கேட்டால் டீசல் விலையைப் பாட்டாகப் பாடுவான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. வேறு வழி இல்லாதவர்களிடம் எவனும் அப்படித்தான் இருப்பான்.

போன பங்குனியில் செல்லியம்மாள் அந்த ஜீப்பிலேயே தொற்றிக்கொண்டு வாணியம்பாடிக்குப் போய், கடுக்காய் மண்டி நடத்தும் பத்ருன்னிசாவை நேரில் பார்த்துவிட்டாள். அந்த அம்மாவுக்கும் கோபால்சாமிமேல் ஏகப்பட்ட கோபம். மூட்டைக்கு மூட்டை கல் கலந்து வருகிறதாம். உங்க மலையிலதான் பேங்க் திறந்துட்டாங்களே, நான் இங்கே காலையில பணம் கட்டுறேன், திருப்பத்தூருக்குத் தந்தி போகும், மறுநாள் காலை தபால் ஜீப்புல சீட்டு மேலே ஏறிடும், உங்க ஆளுங்க அவங்கவங்க கணக்குல எடுத்துக்கட்டும் என்றாள் பத்ருன்னிசா.

செல்லியம்மாள் வீடு வீடாக நடந்தாள். ஆடி மாதம், வேலை இல்லாத நாளாகப் பார்த்து, இருபத்திமூணு குடும்பத்துப் பெண்களைக் கூட்டிப்போய்க் கணக்கு திறக்க வைத்தாள். அங்கேதான் ஒரு கூத்து நடந்தது. கையெழுத்துக்குப் பதில் இடது கட்டைவிரலை அட்டையில் வை என்றார் அப்போதிருந்த மேனேஜர். இவள் மை டப்பியில் அஞ்சு விரலையும் முக்கி அட்டை முழுக்கப் பதித்துவிட்டாள். அவர்கள் ஊரில் கல்யாணம் நிச்சயம் பண்ணினால் மஞ்சளில் கை நனைத்து அஞ்சு விரலையும் சுவரில் பதிப்பார்கள். ஒற்றை விரல் வைத்தால் பாதி மனசோடு வாக்குக் கொடுக்கிறான் என்று அர்த்தம். அத்தனை பேரும் நம்பிக் காசை வைக்கப்போகிற இடத்தில் பாதி மனசோடு நிற்பாளா? அவளைப் பார்த்து மற்ற இருபத்திரண்டு பேரும் அப்படியே வைத்தார்கள். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். வேறு அட்டை கையிருப்பில் இல்லாததால் அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் போயிற்று.

இன்றைக்கு முதல் பணம் வருகிற நாள். மூட்டையை இறக்கியது கோபால்சாமிதான், ஆனால் இந்தத் தடவை பத்ருன்னிசா காசை அவன் கையில் தரவில்லை. மாசி மாதத்துப் புதன்கிழமை. சீட்டு காலைத் தபால் ஜீப்பில் வந்து சேர்ந்தாயிற்று. பேங்க் இரண்டு மணிக்கு மூடும். எதிரே புளியமரத்தடியில் கோபால்சாமி ஜீப்பை நிறுத்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ஜீப்பில் தராசு தயார், இடுப்புப் பையில் ரொக்கம் தயார். ரெண்டு மணிக்குள்ள பணம் கைக்கு வரலைன்னா அடுத்த லோடு எனக்கு, வருசம் பூரா என் விலைதான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான். பெண்களும் தலையாட்டிவிட்டார்கள். வீட்டில் அரிசி இல்லாதவளை எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும்? அவர்களில் காந்தா மட்டும் செல்லியம்மாள் காதோடு, நீ சொன்னேன்னுதான்க்கா வந்தேன் என்றாள். 

முதல் ஆளாக அவள்தான் உள்ளே போனாள். மேனேஜர் மாறியிருந்தார். பஞ்சாட்சரம் என்று பெயர், வந்து பத்து நாள்தான் ஆகிறது. நல்ல மனுசன், ஆனால் சட்டம் என்றால் சட்டம். அவள் கட்டைவிரலை மையில் அமுக்கிப் பணம் எடுக்கும் சீட்டில் வைத்தார். கரிக்கட்டையால் தேய்த்த மாதிரி ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. மறுபடி வைத்தார். அதே வட்டம்.

காரணம் கேட்பானேன். ரெண்டு மாசமாகக் கடுக்காயைப் பிடித்துப் பிடித்து விரல் தோல் கறுத்து இறுகிப் போயிருந்தது. போதாக்குறைக்கு, பேங்க் காகிதம் அழுக்காகக் கூடாதே என்று முந்தின நாள் சாயங்காலம் கறுத்த விரல்களை மட்டும் செங்கல் தூள் போட்டு அரை மணி நேரம் தேய்த்திருந்தாள். இருந்த கொஞ்சநஞ்ச ரேகையும் ஓடையோடு போயிற்று. அவள் மட்டுமில்லை, இருபத்திமூணு பேரும் தேய்த்துக் குளித்து வந்திருந்தார்கள். அதையும் சொல்லிக் கொடுத்தவள் இவளேதான்!

"ரேகையே இல்லம்மா. அட்டையில இருக்கிறது நீங்கதான்னு நான் எப்படி நம்புறது?" என்றார் பஞ்சாட்சரம்.

"கடுக்கா தோலைப் பதம் பண்றது சார். மாட்டுத் தோலா மனுசத் தோலான்னு அதுக்கு இன்னா தெரியும்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. யாரோ பணத்தை யாரோ எடுத்துக்கொண்டு போனதாகப் போன வாரம்தான் மேலேயிருந்து காகிதம் வந்திருக்கிறது, தப்பாகக் கொடுத்தால் உங்கள் பணம்தான் போகும், ஒரு மாதம் வேலை செய்யாமல் இருந்து ரேகை வந்ததும் வாருங்கள் என்றார். வேலை செய்யாமல் ஒரு மாதம்! செல்லியம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியிருந்தது. ஜன்னல் வழியே கோபால்சாமி தராசை இறக்கி வைப்பது தெரிந்தது. காந்தா அவன் பக்கம் பார்க்காமல் பேங்க் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லியம்மாள் மேசைப் பக்கம் திரும்பினாள். அங்கே காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்தாள். இடது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கடுக்காயைப் பிடிப்பது போலப் பிடித்தாள். வலது கையில் கல் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓங்கினாள். கல் படாமலிருக்க இடது கைச் சுண்டுவிரல் தானாகவே விலகித் தூக்கி நின்றது. மலையில் கடுக்காய் தட்டுகிற எல்லோருக்கும் அது அப்படித்தான் நிற்கும். அந்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது வேலை செய்யாத விரலு சார். இதும் உங்க அட்டையில கீது, பாருங்க."

பஞ்சாட்சரம் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தார். வந்த அன்றைக்கே பார்த்து, இதென்ன காட்டுமிராண்டித்தனம் என்று முணுமுணுத்த அட்டைதான் அது. மூலையில், அச்சடித்த எழுத்தின்மேல், ஒரு சுண்டுவிரல் தெளிவாகப் பதிந்திருந்தது. அவள் சுண்டுவிரலை மையில் அமுக்கிச் சீட்டில் வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அதிலும் நடுவில் சக்கரம், இதிலும் சக்கரம். சின்ன வயசில் அரிவாள் பட்ட தழும்பு ரெண்டிலும் ஒரே இடத்தில் குறுக்கே ஓடியது.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு, ரூல்ல கட்டைவிரல்னுதான் போட்டிருக்கு, ஆனா மத்த விரல் ஆகாதுன்னு போடலையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

செல்லியம்மாள் நோட்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.  காந்தாதான் முதலில் ஓடி வந்தாள். சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு மட்டும் பேங்க் மூன்றே காலுக்குத்தான் மூடியது. யார் பணத்திலும் நாலணா குறையவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் நேரே புளியமரத்தடிக்குப் போய், லோடு ஏத்த வாடகை இன்னாண்ணா என்று கோபால்சாமியைக் கேட்டாள். அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். ஜீப் இல்லாமல் மூட்டை இறங்காது, மூட்டை இல்லாமல் ஜீப் ஓடாது. ரெண்டு பேருக்கும் அது தெரியும். நியாயமான வாடகைதான் சொன்னான். ரொக்கமா தருவியா என்றான். பத்ருன்னிசா அம்மா உன் கணக்குலயே கட்டிடும், பேங்குக்கு வா என்றாள்.

அடுத்த வாரம் வந்தான். மனக்கணக்கில் புலி, ஆனால் கையெழுத்து மட்டும் வராது. பஞ்சாட்சரம் மை டப்பியை நகர்த்தினார். கோபால்சாமி இடது கட்டைவிரலை மட்டும் நீட்டினான். பக்கத்தில் வரிசையில் நின்றிருந்த செல்லியம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒரு விரலு பத்தாதுண்ணா. அஞ்சும் வை."

அவன் மேனேஜரைப் பார்த்தான். அவர் கை முழுக்க விழ இடம் இருக்கும்படி அட்டையைக் குறுக்காகத் திருப்பி வைத்தார்.