ஜீனிக்குப் போட்ட பத்தியம்

மஹா காரை விட்டு இறங்கும்போதே பேசிக்கொண்டுதான் இறங்கினாள். கையில் முயல் கூண்டு.

"ஆன்ட்டி, நேத்து ஜீனிக்கு வேக்சின் போட்டோம். ரெண்டு நாள் கொஞ்சம் டல்லா இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. இட்ஸ் நார்மல். புல்லு மட்டும் எப்பவும் முன்னாடி இருக்கணும், ஓகே?"

"ரெண்டு புள்ளைங்கள வளத்தவ கண்ணு நானு. ஒரு முயல பாத்துக்க மாட்டனா?" என்று கலாவதி சிரித்தாள்.

மஹாவின் அம்மா பர்வின் ஸ்டியரிங்கிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லா திரியிற உசுருக்கு ஊசி எதுக்குடீன்னு கேட்டேன்க்கா. முயலுக்கு ஏதோ நோய் பரவுதாம். ஒத்தக் கால்ல நின்னு போட வச்சிட்டா."

"மா, ப்ளீஸ். லேட் ஆகுது."

மஹா சேரப்போகும் கல்லூரி பிட்ஸ்பர்க்கில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகத் திட்டம். அமெரிக்க ஊரான பிரிட்ஜ்வாட்டரில் இரண்டு குடும்பமும் ஒரே தெருவுக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. நோன்புக் கஞ்சி இங்கே வரும், பொங்கல் அங்கே போகும். கலாவதியின் பிள்ளைகள் இருவரும் வேலைக்காகக் கலிபோர்னியா போய்விட்டார்கள். முயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதில் அவளுக்கு உள்ளூர சந்தோஷம்.

அந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் ஜீனி மூலையில் ஒடுங்கிக்கொண்டது. ஒரு புல்லை இழுத்து மென்றது, பாதியில் விட்டது. காதைத் தொட்டால் சுட்டது.

"ஏனுங்க, இதுக்குக் காய்ச்சலுங்க" என்றாள் கலாவதி.

கணவர் சேனாபதி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதான் அந்தப் புள்ள சொல்லிட்டுப் போச்சே, டல்லா இருக்கும்னு."

காய்ச்சல் என்றால் என்ன செய்வது என்று கலாவதிக்குத் தெரியும். தாராபுரத்தில் அவள் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, காய்ச்சல்காரருக்குச் சோறு கிடையாது. வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தால் உடம்பு நோயைப் பார்த்துக்கொள்ளும். தன் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டு வந்த நாட்களிலும் ஓமத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். மறுநாள் அதுகளே பசி என்று கேட்கும்.

அதே நம்பிக்கையில் கூண்டிலிருந்த புல்லையெல்லாம் வழித்து எடுத்தாள். தீனிக் கிண்ணத்தையும் எடுத்துவிட்டாள். தண்ணீர் மட்டும் இருந்தது. ஓமத்தைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஸ்பூனில் இரண்டு சொட்டு வாயோரம் விட்டாள். சாமி அலமாரியிலிருந்து திருநீறு எடுத்து இரு காதுகளுக்கும் நடுவே வைத்துவிட்டு, பாய் வீட்டு முயலாயிற்றே என்று ஒரு கணம் யோசித்தாள். காய்ச்சலுக்குத்தானே, பர்வின் ஒன்றும் நினைக்க மாட்டாள்.

அத்தனையும் அன்போடு செய்தாள்.

சனிக்கிழமை காலை கூண்டில் ஒரு புழுக்கை கூட இல்லை. தின்னாதது எப்படிப் போடும் என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள். சேனாபதிதான் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கலா, இது பல்லை நறநறன்னு கடிக்குது. வயிறு பலூனாட்டம் இருக்குது பாரு. எனக்கென்னமோ சரியாப் படல."

இப்போது காது சில்லென்றிருந்தது. புல்லை மூக்கருகே நீட்டினாள். ஜீனி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

காரில் போகும்போதே பர்வினுக்குப் போன் போட்டாள். எடுத்தது மஹா. "ஆன்ட்டி, வேக்சினாலயா? டெல் மீ. வேக்சினாலயா?" "டாக்டர்கிட்ட போயிட்டிருக்கோம் கண்ணு" என்று மட்டும் சொன்னாள் கலாவதி.

மருத்துவரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், கடைசியாக எப்போது தின்றது என்று கேட்டார். கலாவதி உள்ளதைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது கலாவதிக்கு. ஊசிக்குப் பிறகு பசி குறைவது சகஜம், ஓரிரு நாளில் தானாகவே கொறிக்கத் தொடங்கிவிடும் என்றார். ஆனால் முயலின் குடலுக்கு ஓய்வு ஆகாது. புல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அது நகரும். நின்றுவிட்டால் காற்று அடைத்து வலிக்கும், வலியில் இன்னும் தின்னாது என்றார்.

வலிக்கு மருந்து போட்டார்கள். தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார்கள். கதகதப்பான துண்டில் சுற்றி வைத்தார்கள். உதவிக்கு இருந்த பெண் தன் சாப்பாட்டு வேளையிலும் எழுந்து போகாமல், ஒரு விரலால் ஜீனியின் நெற்றியை நீவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உலகத்தில் இன்னும் இரக்கம் மிச்சமிருக்கிறது என்று கலாவதிக்கு அப்போது தோன்றியது. முருகனை வேண்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மாலை வெயில் இறங்குவதற்குள் ஜீனி போய்விட்டது.

திரும்பும்போது சேனாபதி வண்டியை மெதுவாக ஓட்டினார். "ஊசி ஒத்துக்கலைன்னு சொல்லிரலாம் கலா. ஊசிக்கப்புறம் பசி குறையும்னு டாக்டரே சொன்னாங்கல்ல. பெரிய பொய்யில்லையே."

அந்த வார்த்தை அவளுக்கும் வேண்டியிருந்தது. அன்றிரவு பர்வினிடம் போனில் ஜீனி போய்விட்டதை மட்டும் சொன்னாள், எதனால் என்று சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் பர்வின் வந்ததும் கலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத்தான்க்கா கஷ்டம்." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "அப்பவே சொன்னேனா இல்லையா? டாக்டர் மாதிரி பேசினே. இப்ப பாரு."

மஹா வாசல்படியிலேயே நின்றாள். "ஐ டிட் திஸ்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

சேனாபதி மனைவியைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அப்படியே முடிந்துவிடும்.

"பர்வின், அவளச் சொல்லாத" என்றாள் கலாவதி. "ஊசி ஒண்ணும் பண்ணல. மஹா, இங்க பாரு கண்ணு. நீ போட்டது சரிதான். புல்ல எடுத்தது நானு. காய்ச்சல்னு பட்டினி போட்டேன். நீ சொல்லிட்டுப் போனத நான் காதுல வாங்கல."

பர்வின் கையை விட்டுவிட்டாள்.

"வலிச்சுதா?" என்று மஹா கேட்டாள். தமிழில் கேட்டாள்.

"வலிச்சுது. அப்புறம் மருந்து குடுத்தாங்க, கொறஞ்சுது. ஒரு பொண்ணு கடைசி வரைக்கும் தடவிக் குடுத்துட்டே இருந்துச்சு. நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

மஹா துண்டில் சுற்றியிருந்ததை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பர்வினும் பின்னால் போனாள். தங்கள் தோட்டத்தில் குழி தோண்டினார்கள். கலாவதியை அழைக்கவில்லை. அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோடை முழுவதும் மஹா அந்தப் பக்கம் வரவில்லை. பர்வின் மட்டும் தெருவில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாக்கா" என்பாள், நிற்க மாட்டாள். கோயிலுக்குப் போனால் கலாவதி தனக்காக எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண் மனதில் பாரமில்லாமல் படிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

கல்லூரிக்குக் கிளம்பும் நாளில் மஹா வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

"ஐம் ஸ்டில் மேட் அட் யூ, ஆன்ட்டி."

"இருக்கட்டும் சாமி."

"பட், நீங்க சொல்லலேன்னா..." மஹாவால் முடிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஓகே. போயிட்டு வரேன்."

"போயிட்டு வா கண்ணு."

கார் திருப்பத்தில் மறையும் வரை கலாவதி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய் விளக்கேற்றி, அதன் முன் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.