பச்சை விழுந்த படுக்கை

காளான் குடிலுக்குள் நுழைந்ததுமே பெரியவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. துளையிட்ட பாலிதீன் பையில் அடைத்து, நேற்றுவரை வெள்ளை வெளேரென்று இழையோடிக் கிடந்த அவளுடைய வைக்கோல் படுக்கை ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. பச்சைப் பூசணம் வந்துவிட்டால் காளான் இழையைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் ஓயும்.

வேறு யார் வேலை? ஓரகத்தி வேலைதான். ஒரே குடிலில் இடப்பக்கம் இவளுக்கு, வலப்பக்கம் இளையவளுக்கு. இந்த முறை யார் பக்கம் நன்றாகப் பூக்கிறதோ குடில் அவளுக்கு, மற்றவள் வீட்டுச் சமையலோடு கிடக்க வேண்டும். அண்ணன் தம்பிகளான அவர்கள் புருஷன்மார் இருவரும் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே சொன்ன தீர்ப்பு அது. குடிலைக் கட்டி எழுப்பியவள் பெரியவள். மறுபடி அடுப்படிக்குள் போய் அடைவதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. நேற்று வந்தவள், இவளிடமே தொழில் கற்றுக்கொண்டு இவள் வயிற்றிலேயே அடிக்கிறாளே, நன்றாக இருப்பாளா?

பச்சை விழுந்த படுக்கையைப் பிரிக்காமல், அலுங்காமல் வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும். இளையவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். ஆனால் புதைத்துவிட்டால் சாட்சி ஏது? வெளியூர் போன புருஷன் வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று, பையைக் கிழித்து, பச்சை நன்றாகத் தெரியும்படி நடுவிலிருந்த மேசைமேல் வைத்தாள். யாரும் அதைத் தொடக் கூடாது என்று ஊரைக் கூட்டாத குறையாகக் கத்தினாள். இளையவள் வாயே திறக்கவில்லை. பெரிய பாலிதீன் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து தன் பக்கத்தைக் கூரையிலிருந்து தரைவரை மறைத்துக் கட்டினாள். பயந்துவிட்டாள் என்று பெரியவளுக்கு ஒரே குஷி.

ஒரு வாரம் கழித்துப் புருஷன் வந்து சேர்வதற்குள் இடப்பக்கம் முழுக்கப் பச்சை. தொட்டால் பொடி பறந்தது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு மேசையைப் பார்த்தான்.

"இத ஏன் இங்க வெச்சிருக்கே?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை நாளும் கதவு திறக்கும்போதெல்லாம் அடித்த காற்று, அந்தப் பொடியை ஒவ்வொரு படுக்கையின் துளைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. புருஷன் தலையில் அடித்துக்கொண்டு, தம்பியிடம் விஷயத்தைச் சொல்ல வெளியே போனான். அவள் இளையவள்மேல் பாய்ந்தாள்.

"தெரிஞ்சுதானே இருந்தே? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னடி?"

"சொன்னா கேட்டிருப்பீங்களாக்கா?" இளையவள் குரலை உயர்த்தவில்லை. "பச்சைய நான் வெக்கல. ஆனா எனக்கும் அடுப்படி வேணாம்."

தரையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவரக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பெரியவள் விரிப்பை விலக்கினாள். உள்ளே அத்தனை படுக்கையும் பால் வெள்ளை. துளைக்குத் துளை குண்டூசித் தலையளவு மொட்டுகள் ஈரத்தோடு எட்டிப் பார்த்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் ஆசையும் ஒன்றாக வந்தன. இவ்வளவு அழகாக அவளுக்கே ஒருமுறையும் மொட்டு வந்ததில்லை.

வெளியே குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டது. வலது கையைப் பார்த்தாள். ரேகையெல்லாம் பச்சைப் பொடி. மொட்டுகளுக்கு நேராகக் கையை விரித்து வாயருகே கொண்டுபோய், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.