பாலத்தில் நிற்கும் தக்காளி வண்டி

பிரகாஷின் குதிரை பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. எதிரே ஒன்றும் இல்லை. கீழே ஆறு ஓடியது, கரையில் மரங்கள் அசைந்தன, பாலம் காலியாகக் கிடந்தது. குதிரை கால்களை மாற்றி மாற்றி எடுத்து வைத்ததே தவிர ஓரடி நகரவில்லை. இறங்கி நடந்து பார்த்தான். அவனுக்கும் அதே கதி. கடைசியில் வாளை உருவி, எதிரே இருந்த வெறும் காற்றை ஒரு வெட்டு வெட்டினான். காற்று "ஆ" என்று கத்தியது. உடனே எங்கிருந்தோ இரண்டு காவலர்கள் ஓடி வந்து, வியாபாரியைத் தாக்கிய குற்றத்துக்காக அவனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

பிரகாஷ் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டீ போடப் போனான்.

அவன் சூளகிரி பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். ஓசூரில் வாடகை அறை. ஷிப்ட் முடிந்து வந்தால் ஆல்டர்மார்க் விளையாடுவான். அவன் பாலிடெக்னிக் படித்த காலத்து விளையாட்டு அது. நாமே அதில் ஒரு ஆளாகி, கத்தி, குதிரை, வீடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு ஒரு ராஜ்ஜியம் முழுக்கத் திரியலாம். அதைச் சமீபத்தில் புதுப்பித்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். அவன் வேலை செய்யும் இடத்தில் இதை ரெட்ரோஃபிட் என்பார்கள். உள்ளே ஓடுவது பழைய மெஷின்தான். வெளியே புது கவர், புது டிஸ்ப்ளே.

பழைய விளையாட்டுக்கு ஊர் உலகத்தில் இருந்தவர்கள் ஆளாளுக்குச் செய்து சேர்த்த கூடுதல் பகுதிகள் உண்டு. அவற்றுக்கு மாட் என்று பெயர். ஒருவர் புதுக் கோட்டை கட்டியிருப்பார், ஒருவர் மழையை மாற்றியிருப்பார். பிரகாஷுக்கு அதில் ஒன்றே ஒன்று போதும். அது ஒரு சந்தை. அந்த மாட் இல்லாவிட்டால் தலைநகரில் ஒரே ஒரு கடைதான். கடைக்காரன் மதியம் வரை தூங்குவான், எழுந்தாலும் வாளைத் தவிர வேறெதையும் வாங்க மாட்டான். சந்தை வந்தபிறகு முட்டைகோஸிலிருந்து பழைய செருப்பு வரை எதையும் விற்கலாம், வாங்கலாம். சந்தை இல்லாத ஆல்டர்மார்க்கை விளையாட்டு என்றே அவன் நினைக்கவில்லை.

புதிய பதிப்பில் அந்த மாட் ஏறியது. ஆனால் உள்ளே இருந்த பழைய மெஷினுக்குத்தான் சந்தை தெரிந்தது, வெளியே போட்ட புது கவருக்குத் தெரியவில்லை. வியாபாரிகள் எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். பேசினால் பதில் சொன்னார்கள். யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. பாலத்தில் குதிரையை மறித்தது சந்தைக்குப் போகும் ஒரு தக்காளி வண்டி.

அவனே ஓரளவு நோண்டிப் பார்த்தான். ஒரு பெண்ணின் உடம்பு மட்டும் தலை இல்லாமல் வந்தது. மேற்கொண்டு தொடத் தயக்கமாக இருந்தது. என்னைக் கேட்காமல் இதை மாற்றி வெளியிட வேண்டாம் என்று மாட்டைச் செய்தவர் அதன் இணையப் பக்கத்திலேயே எழுதியிருந்தார். பூட்டுப் போட்ட பேனலை அனுமதியில்லாமல் பிரகாஷ் திறந்ததே இல்லை. கேட்டு எழுதினான். பதில் இல்லை.

செய்தவரின் பெயர் ருக்_பேரிகை. அந்தப் பெயரைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாக விவாதித்திருந்தார்கள். பேரிகை என்றால் போர் முரசு, அழிந்துபோன ஒரு பேரரசின் தலைநகரம் அது என்று ஒருவர் நிறுவி, வரைபடமும் போட்டிருந்தார். பேரிகை என்று பலகை மாட்டிய பஸ்ஸை பிரகாஷ் தினமும் பார்க்கிறான். வார விடுமுறை அன்று அதில் ஏறினான்.

பேரிகையில் இறங்கி, ருக் என்பது ருக்மணியாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில், கம்ப்யூட்டர் படித்த ருக்மணி யாராவது உண்டா என்று டீக்கடையில் கேட்டான். "நம்ம கிருஷ்ணப்பன் வூட்டுக்காரம்மா" என்று கை காட்டினார்கள்.

கிருஷ்ணப்பன் தோட்டத்து முகப்பில் தக்காளிக் கிரேட்டுகளை டெம்போவில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பயிர் தக்காளி, முட்டைகோஸ், பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் ரோஜா. வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணா, வணக்கம். ருக்மணி அக்காவப் பாக்கணும். அவங்க பழைய மாட் ஒண்ணு விஷயமா வந்தேன்."

"பழைய மாடா? ரெண்டு ஜெர்சி இருந்துச்சு. போன வருசமே குடுத்துட்டோமே தம்பி."

"அந்த மாடு இல்லண்ணா. கம்ப்யூட்டர்ல போடறது."

கிருஷ்ணப்பன் கிரேட்டைக் கீழே வைத்தார். "மாட்ட எதுக்குப்பா கம்ப்யூட்டர்ல போடணும்? இன்சூரன்ஸா?"

பிரகாஷ் ஆல்டர்மார்க் என்று ஆரம்பித்து விளக்கினான். பேக்கிங் ஷெட்டிலிருந்து ரோஜா கட்டும் ரப்பர் பேண்டுகளைக் கையில் மாட்டிக்கொண்டு ருக்மணி வெளியே வந்தார். அவன் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பாலத்துல வண்டி நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்குதுக்கா. ஆனா தெரியல."

"என்ன வண்டி?" என்றார் கிருஷ்ணப்பன்.

"ஒண்ணுமில்ல மாமா. நீங்க லோடு ஏத்துங்க."

கிருஷ்ணப்பன் ருக்மணிக்கு அத்தை மகன். எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. கை கழுவிக்கொண்டு இருவர் பின்னாலும் வீட்டுக்குள் வந்து, நாற்காலியை லேப்டாப்புக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ருக்மணி கல்லூரி விடுதியில் இருந்தபோது செய்த மாட் அது. கல்யாணத்துக்குப் பிறகு தொடவில்லை. எவ்வளவு பேர் அதை இறக்கியிருக்கிறார்கள் என்று பிரகாஷ் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியபோது கிருஷ்ணப்பன் எண்ணை இருமுறை படித்தார். ருக்மணி ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். அப்பப்ப போன்ல பாப்பேன்."

"பதிலே எழுதலையேக்கா?"

"என்னான்னு எழுதறது. கோஸ் கட்டுப்படியாவல, ரோஸுக்கு மருந்து அடிக்கணும்னா?"

பிரகாஷ் விளையாட்டைத் திறந்து பாலத்துக்குப் போனான். வெறும் பாலம். குதிரை முட்டிக்கொண்டு நின்றது. மவுஸை அந்த இடத்தில் வைத்தால் பெயர் மட்டும் வந்தது. ஆங்கில எழுத்துகளை கிருஷ்ணப்பன் கூட்டிப் படித்தார்.

"கிருஷ்ணப்பா. தக்காளி வியாபாரி." ருக்மணி பக்கம் திரும்பினார். "இது யாரு?"

"ஒரு வியாபாரி" என்றார் ருக்மணி.

"பேரு கிருஷ்ணப்பாவா?"

"ஆமா."

"விக்கறது தக்காளியா?"

"ஆமா."

பிரகாஷ் அந்த வெற்றிடத்தோடு பேசிக் காட்டினான். சொன்ன விலை சொன்னதுதான், வாங்கினால் வாங்கு, வண்டி நகராது என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுத்துகள் வந்தன. கிருஷ்ணப்பன் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"சரியாத்தான சொல்றான்" என்றார்.

பொய் சொல்லத் தெரியாதது பிரகாஷின் குறை. அந்த வியாபாரி ரொம்பப் பிரபலம் என்றான். எப்படிப் பிரபலம் என்று கேட்டதற்கு, விளையாடுகிறவர்கள் முதல் வேலையாக அவரைத்தான் கொல்வார்கள் என்றான்.

"எதுக்கு?"

"வழி விட மாட்டேங்கறீங்கண்ணா."

அதற்கு வீடியோவே இருந்தது. கேட்டதால் காட்டினான். பல தேசத்துக்காரர்கள் கிருஷ்ணப்பாவை வாளால் வெட்டினார்கள், நெருப்பு வைத்தார்கள், வண்டியோடு ஆற்றில் தள்ளினார்கள். ஒருவன் கரடியை ஏவிவிட்டான். கிருஷ்ணப்பன் கண் இமைக்காமல் கடைசி வரை பார்த்தார். கரடி வரும் இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார்.

"இவன் யாரு?"

"பிரேசில்ல ஒரு ஆளுண்ணா."

"அவனுக்கு நான் என்ன பண்ணேன்?"

கிருஷ்ணப்பன் எழுந்து, சொட்டுநீர் வால்வு மாற்ற வேண்டும் என்று தோட்டத்துக்குள் போய்விட்டார்.

ருக்மணி லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்புகிற அன்று, வாய்க்கால் பாலத்தில் கிருஷ்ணப்பன் தக்காளி டெம்போவை நிறுத்திக்கொண்டு நின்றிருக்கிறார். ஆட்டோ போக வழியில்லை. பின்னால் எடுங்கள் என்று கெஞ்சியும் நகரவில்லை. பஸ் போய்விட்டது. மறுநாள் லேப் பரீட்சைக்குப் போக முடியவில்லை. அடுத்த வாரம் ருக்மணி விடுதியில் உட்கார்ந்து, விளையாட்டில் சந்தைக்குப் போகிற பாலத்தில் வண்டியோடு ஒருவரை நிறுத்தினார்.

"அப்பறம் இவங்களையே பேசி முடிச்சாங்க. நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிடலாம்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லலக்கா?"

"அப்லோட் பண்ணிட்டேன்ல."

சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கிருஷ்ணப்பன் திரும்பி வந்தார். காலைக் கழுவி, துண்டால் துடைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அன்னைக்குப் பின்னாடி லாரி நின்னுச்சு."

"என்ன லாரி?"

"செங்கல் லாரி. எனக்குப் பின்னாடி முட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் எங்க ரிவர்ஸ் எடுக்கறது?"

ருக்மணி அவரையே பார்த்தார். "இத்தன வருசமா சொல்லல?"

"நீ கேக்கல."

"கத்துனேனே மாமா! எடுங்க எடுங்கன்னு எவ்ளோ கத்துனேன்?"

"எடுன்னுதான சொன்ன. ஏன் எடுக்கலன்னு எங்க கேட்ட?"

பிரகாஷ் களியைக் குழம்பில் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அவன் விடுமுறை தோறும் வந்தான். வேலையை ருக்மணிதான் செய்தார், அவன் சோதித்துப் பார்த்தான். வழி கண்டுபிடிக்கச் சில வாரங்கள் பிடித்தன. புதிய பதிப்பில் ஏற்கெனவே இருக்கிற உடம்புகளோடு பழைய வியாபாரிகளை ஒவ்வொருவராகக் கோத்துவிட வேண்டும். முதல்முறை எங்கோ ஒரு எண் தவறிப்போய், சந்தை முழுக்க இரும்புத் தொப்பி போட்ட கோட்டைக் காவலனே நின்றான். கீரை விற்றவனும் அவன், வளையல் விற்றவனும் அவன். வெங்காயம் வாங்க வந்தவனும் அவனே. ருக்மணி வாய்விட்டுச் சிரித்தார். அவர் இப்படிச் சிரிப்பதைக் கேட்டு, மருந்து அடித்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பன் முதுகில் ஸ்பிரேயரோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கிருஷ்ணப்பாவுக்கு உடம்பு தேடும் நாளில் மட்டும் அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. ருக்மணி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இவன் குடிகாரனாட்டம் இருக்கான்."

"இது?"

"வயசான ஆளு."

"இது?"

"இவன் மூஞ்சியப் பாத்தா நானே வெட்டுவேன்."

கடைசியில் ஒரு கொல்லனைத் தேர்ந்தெடுத்தார். அகன்ற தோள், நல்ல மீசை. ருக்மணி அந்தக் கொல்லனையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோத்துவிட்டார்.

"அண்ணாவுக்குச் சாவு இல்லாமப் பண்ணிடலாம்க்கா. ஒரு டிக் அடிச்சாப் போதும்" என்றான் பிரகாஷ்.

"எல்லாரும் சாவறாங்க. இவருக்கு மட்டும் என்னாத்துக்கு?" என்றார் ருக்மணி.

கிருஷ்ணப்பன் வாதாடவில்லை. மார்க்கெட்டிலிருந்து போன் வந்தது. தெலுங்கில் பேசிக்கொண்டே வெளியே போனார்.

அடுத்த வாரம் பிரகாஷ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாலத்தில் வண்டி இருந்தது. மீசை வைத்த கிருஷ்ணப்பா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் புதிதாக இன்னொரு வண்டி. இரண்டு எருதுகள் பூட்டியது, செங்கல் பாரம் ஏற்றியது, பாலத்தை அடைத்துக்கொண்டு முட்டி நின்றது. பழைய மாட்டில் இப்படி ஒரு வண்டி கிடையாது. பிரகாஷ் கிருஷ்ணப்பாவோடு பேசிப் பார்த்தான். விலை பற்றிய பேச்சு அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு கேள்வி சேர்ந்திருந்தது: ஏன் வண்டியை எடுக்கவில்லை? அதை அழுத்தினால், பின்னால் பார், நான் எங்கே போவது என்று அவர் பதில் சொன்னார்.

ருக்மணி கணவனைக் கூப்பிட்டுக் காட்டினார். கிருஷ்ணப்பன் குனிந்து திரையைப் பார்த்தார்.

"செங்கல்லா?"

"செங்கல்தான்."

"அந்த லாரியில இதவிடப் பாரம் அதிகம்" என்றார். நிமிர்ந்து போகும்போது ருக்மணியின் தோளில் கை வைத்து எடுத்தார். வேறொருவர் இருக்கும்போது அவர் அப்படிச் செய்வது வழக்கமில்லை போல.

அன்று மாலையே புதிய பதிப்புக்கான சந்தை மாட் வெளியானது. செய்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதே முதலில் பெரிய செய்தியாகிவிட்டது. பேரரசு வரைபடம் போட்டவர், பேரிகைக்குப் பஸ் போகிறது என்று பிரகாஷ் எழுதியதை நம்ப மறுத்தார். பாலத்தைப் பற்றியும் எழுதினார்கள். இத்தனை காலம் தெரியாமல் கொன்றுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று ஒருவர். இப்போது இரண்டு வண்டிக்காரர்களையும் கொல்ல வேண்டியிருக்கிறது, வேலை கூடிவிட்டது என்று இன்னொருவர். பிரகாஷ் போனில் படித்துக் காட்டினான்.

"செங்கல்காரனையுமா?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன். குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிரகாஷுக்குச் சந்தை கிடைத்துவிட்டது. ஆசை தீர முட்டைகோஸும் பழைய செருப்பும் விற்றான். அடுத்த விடுமுறை அன்று, போக வேண்டிய காரணம் இல்லாததால் அறையிலேயே இருந்தான். மதியம் கிருஷ்ணப்பன் அழைத்தார்.

"என்னா தம்பி, வரல?"

"வேலை முடிஞ்சிடுச்சேண்ணா."

"மோட்டார் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆயிட்டே கெடக்குது. வந்து பாரு."

போனான். ஸ்டார்ட்டரில் ஒரு ஒயர் தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டுக் கை கழுவப் போகும்போது பேக்கிங் ஷெட்டைப் பார்த்தான். ரோஜாக் கட்டுகளுக்கு நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு ருக்மணி உட்கார்ந்திருந்தார். பின்லாந்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவரும் பழைய ஆள், அவர் செய்தது ஓநாய்கள். புதிய பதிப்பில் அவை எல்லாம் தலைகீழாக ஓடுகின்றன, உதவ முடியுமா என்று கேட்டிருந்தார்.

"என்ன எழுதப்போறீங்கக்கா?"

"எழுதியாச்சு. ஃபைல அனுப்பச் சொல்லிட்டேன்" என்றார் ருக்மணி. "காலு எங்க மாட்டியிருக்குதுன்னு மொதல்ல பாப்போம். நீ சாப்ட்டியா?"

இல்லை என்றான். ருக்மணி லேப்டாப்பை மூடாமலே எழுந்து வீட்டுக்குள் போனார்.