குறுக்கே ஒரு கை

கை குறுக்கே வந்தால் நின்றுவிட வேண்டும். ஜபீனும் சுமலதாவும் தாங்கள் செய்த சிறிய ரோபோவுக்கு விதித்திருந்த தர்மம் அது ஒன்றுதான்.

தரையில் ஒட்டிய கருப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு, முதுகில் ஓர் இரும்புத் தகட்டைச் சுமந்தபடி அது போகும். வழியில் யாராவது கையை நீட்டினால் ஒரு சாண் தூரத்திலேயே நின்றுவிடும். கை விலகினால் மறுபடி புறப்படும். திருவள்ளூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பெண்களும் இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அதைச் செய்து முடித்தார்கள். சக்கரம், மோட்டார், கோடு பிடித்து ஓடுவது எல்லாம் சுமலதாவின் பொறுப்பு. கையைக் கண்டு நிற்பது ஜபீனின் பொறுப்பு. அந்தப் பங்கை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதற்குக் காரணம் அவள் அண்ணன் ஷாகிர். பழவேற்காட்டில் கருவாடும் இறாலும் வாங்கி விற்கிற குடும்பம் அவர்களுடையது. வியாபாரம் இறங்கிப் போனபோது ஷாகிர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வேலைக்குப் போனான். ஒரு நாள், கோணலாக விழுந்த தகட்டைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டான். வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, மிச்சமிருந்த இரண்டு விரல்களால் சோற்றை எப்படி எடுப்பது என்று தெரியாமல் அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்ததை ஜபீன் பார்த்தாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. மனிதன் கையை விடுகிற இடத்தில் இயந்திரம் கையை விடட்டும், அந்த இயந்திரத்தைச் செய்கிறவளாக நான் இருக்கிறேன் என்று அவள் மனதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

அவளுடைய வாப்பா ஹபிபுல்லாவுக்கோ அன்று முதல் தொழிற்சாலை என்றாலே பயம். மகளைப் படிக்க அனுப்பினாரே தவிர, வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான், தொழிற்பேட்டையில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி மாணவர்களுக்கு ரோபோ போட்டி வைத்தது. நன்றாகச் செய்கிறவர்களைப் படிப்பு முடிந்ததும் தங்கள் ரோபோ பிரிவிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னது. அங்கே ரோபோ வேலை செய்யும், ஆட்கள் கம்பி வேலிக்கு வெளியே நிற்பார்கள் என்று ஜபீன் வாப்பாவுக்கு விளக்கினாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அந்தக் கம்பெனியே கூப்பிட்டால் போகலாம் என்றார். இல்லையென்றால் வேலை தேடி அலைய விடமாட்டேன், சூலூர்பேட்டையிலிருந்து வந்திருக்கும் சம்பந்தத்துக்குச் சரி சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார். அவர் கொடுமைக்காரர் அல்ல. ஒரு பிள்ளையின் கையைப் பார்த்தவர்.

அந்த வருஷம் ஆயுத பூஜை நோன்பு மாதத்தில் வந்தது. லீவுக்கு ஹாஸ்டலை மூடினார்கள். ஜபீன் பழவேற்காட்டுக்குப் போனாள். ரோபோ திருப்பாச்சூரில் சுமலதா வீட்டுக்குப் போனது.

சுமலதாவின் தகப்பனார் ராஜமாணிக்கம் நெல் பயிரிடுகிறவர். எந்தப் பொருளையும் காலால் தொடமாட்டார். தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பூஜையன்று அவர் பம்புசெட்டுக்கும், மருந்தடிக்கும் ஸ்ப்ரேயருக்கும், அரிவாள் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்தார். டிவிஎஸ் பிஃப்டியின் முன்விளக்குக்கு வைத்தார். பிறகு கூடத்தில் துணி போர்த்தி வைத்திருந்த மகளின் ரோபோவைப் பார்த்தார். இத்தனைக்கும் வைத்துவிட்டு இதை மட்டும் விடுவது அவர் மனசுக்கு ஒப்பவில்லை. சுமலதா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் ரோபோவின் தலையில் ஒரு பொட்டு வைத்தார். முன்பக்கம் இருந்த கண்தான் அதற்கு முக்கியம் என்று மகள் ஒரு முறை சொல்லியிருந்தாள். வண்டியின் விளக்குக்கு வைப்பதுபோலவே அந்தக் கண்ணுக்கும் சந்தனம் வைத்துக் கும்பிட்டார்.

அந்தக் கண் என்பது, வெளி வெளிச்சம் படாமலிருக்க ஒரு மெல்லிய கருப்புக் குழாய்க்குள் வைத்த சின்ன மணி; கையில் பட்டுத் திரும்பி வரும் ஒளியைப் பிடிப்பது அதுதான். ஈரச் சந்தனம் குழாய்க்குள் இறங்கிக் காய்ந்துபோனது. மறுநாள் பொட்டுகளைப் பார்த்த சுமலதா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் துடைத்தாள். குழாய்க்கு உள்ளே பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயத்தில் ஓட்டியும் பார்க்கவில்லை.

போட்டி நாளன்று ராஜமாணிக்கம் துணைக்கு வந்தார். கம்பெனி ஹாலில் மற்றப் பெற்றோர்களோடு உட்கார்ந்துகொண்டு, பூஜையெல்லாம் போட்டுத்தான் எடுத்து வந்திருக்கிறோம் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜபீன் நோன்போடு வந்திருந்தாள். டேப்பின் மேல் ஒரு முறை ஓட்டிப் பார்க்க மட்டும் அனுமதித்தார்கள். கையை நீட்டிச் சோதிக்க நேரம் தரவில்லை. அப்போது அது தடங்கலில்லாமல் ஓடியது.

அவர்கள் முறை வந்தது. ரோபோ தகட்டைச் சுமந்துகொண்டு வளைவுகளில் அழகாகத் திரும்பியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். பாதி வழியில் நடுவர் ஒரு மரக் கையைக் குறுக்கே நீட்டினார். ரோபோ நிற்கவில்லை. நேரே போய் அந்தக் கையில் இடித்து, அதைத் தள்ளிக்கொண்டே போயிற்று.

"கைக்கு இன்சூரன்ஸ் கட்டிட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு மாணவன் கேட்டான். சிரிப்பு எழுந்தது. அவனுக்கு ஷாகிரைத் தெரியாது. ஜபீன் அந்த மரக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடுவராக இருந்த இன்ஜினியர் யேசுதாஸ் நல்ல மனிதர். கோடு பிடித்து ஓடும் வேலையை யார் செய்தது என்று விசாரித்தார். மாலையில் எடுக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசித்தபோது அதில் சுமலதா இருந்தாள். ஜபீன் இல்லை. அவர் ஜபீனைத் தனியே அழைத்து, மற்ற எந்தத் தப்பையும் மன்னிக்கலாம், நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை நிற்காமல் போனாலும் ஏற்றுக்கொள்ள முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் சொன்னது சரி என்று ஜபீனுக்கே தெரிந்தது.

சுமலதா கையெழுத்துப் போடப் போயிருந்தாள். ஜபீன் ஒரு மூலையில் ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்த ஹேர்பின்னைக் கழற்றி அந்தக் குழாய்க்குள் விட்டாள். பின்னின் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள். சந்தனம்.

யேசுதாஸ் இன்னும் ஹாலை விட்டுப் போகவில்லை. எழுந்து நாலடி நடந்தால் சொல்லிவிடலாம். அவள் எழுந்தாள். அப்போது ராஜமாணிக்கம் எதிரே வந்தார். தன் மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

"நானும் நல்லாதாம்மா கும்புட்டேன்," என்றார். "சந்தனம்கூட கடையில வாங்கல. நானே ஒக்காந்து அரைச்சேன். ரெண்டு பேருக்கும் சேத்துதான் வேண்டிக்கினேன். ஒனக்கு மட்டும் ஏன் இப்பிடி ஆச்சி?"

ஜபீன் பின்னை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள். "ஒரு ஒயர் உட்டுப்போச்சு மாமா," என்றாள். "நான்தான் சரியா பாக்கல."

சுமலதாவிடமும் அதையேதான் சொன்னாள்.

திரும்பும்போது கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் பொழுது சாய்ந்தது. ராஜமாணிக்கம் எங்கேயோ போய் ஒரு காகிதத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்து ஜபீனிடம் நீட்டினார். பாங்கு சத்தம் கேட்டதும் சாப்பிடச் சொன்னார். பக்கத்தில் ஒரு பெண் பட்டினியாக இருக்கிறாளே என்று அவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் பழத்தை வாயில் வைத்தாள். பழம் நீட்டிய அந்தக் கையைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துக்கொண்டாள்.

வீட்டில் ஹபிபுல்லா கோபித்துக்கொள்ளவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கவனம் பத்தல போலருக்கேம்மா. அண்ணன் கையப் பாத்துமா?" என்று மட்டும் கேட்டார். அவள் இழந்த வேலையைவிட அந்தக் கேள்விதான் அவளை அதிகம் சுட்டது. அந்த வாரமே சூலூர்பேட்டைக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினார்.

தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, சுமலதா அறுந்த ஒயரைப் பற்றவைக்கலாம் என்று வீட்டில் ரோபோவைப் பிரித்தாள். எந்த ஒயரும் அறுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கடைசியில் கருப்புக் குழாயைக் கழற்றித் தட்டியபோது காய்ந்த மஞ்சள் துண்டு ஒன்று தரையில் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கம் அதை எடுத்து விரலால் நசுக்கினார்.

"இது நம்ம சந்தனம் இல்ல?" என்றார்.

சுமலதா குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"இதான் அன்னிக்கி கண்ண மறைச்சுதா?"

"ஆமா நைனா."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

குழாயின் உட்புறத்தில் ஹேர்பின் சுரண்டிய கோடுகள் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் சுமலதாவுக்குப் புரிந்துவிட்டது. தெரியும் என்று தலையசைத்தாள். ராஜமாணிக்கம் அன்று இரவு சாப்பிடவில்லை. விடிந்ததும் குளித்து, கோயிலுக்குப் போய் ஈசனை வணங்கிவிட்டு வந்து, ரோபோவை ஒரு பையில் எடுத்து வைக்கச் சொன்னார். இருவரும் கும்மிடிப்பூண்டிக்குப் போய் யேசுதாஸைப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். எடுத்த பட்டியல் மேலே போய்விட்டது, ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன், பெண் வருவாள் என்று அவள் அப்பா சொன்னால் நான் முயற்சி செய்ய முடியும் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினார்கள்.

ஹபிபுல்லா வீட்டில் எல்லோரும் நோன்பு. ஆனாலும் விருந்தாளிக்கு டீ போடச் சொன்னார். ராஜமாணிக்கம் வேண்டாம் என்றார்.

"பாய், ஒங்க பொண்ணு மேல தப்பு இல்ல," என்று தொடங்கினார். "என் கையால ஆச்சி. மிஷின் கண்ணுல சந்தனத்த வெச்சி மூடிட்டேன். அறிவு இல்லாம பண்ணிட்டேன். அது தெரிஞ்சும் ஒங்க பொண்ணு என்ன ஒரு வார்த்த சொல்லல. பழி மொத்தத்தையும் அதுவே தூக்கிக்கினு வந்திருச்சி."

சொல்லிவிட்டுக் கைகூப்பினார். ஹபிபுல்லா பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஜபீன் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க வா," என்று ஹபிபுல்லா கூப்பிட்டார். "அது எப்பிடி நிக்கும்? காட்டு."

ஜபீன் வந்து கூடத்துத் தரையில் டேப்பை ஒட்டினாள். சுமலதா சுவிட்சைப் போட்டாள். ரோபோ புறப்பட்டது. ஹபிபுல்லா குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைக் குறுக்கே வைத்தார். ஒரு சாண் தூரத்தில் அது நின்றது. அவர் கையை எடுத்தார், போயிற்று. மறுபடி வைத்தார், நின்றது. பிறகு ஷாகிரைப் பார்த்தார். ஷாகிர் வந்து தன் வலது கையை வைத்தான். இரண்டு விரல் கைக்கும் அது நின்றது. ஹபிபுல்லா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

"சொன்னா இவரு தாங்கமாட்டாரு வாப்பா," என்றாள் ஜபீன். "எனக்காக வேண்டிக்கினவரு."

ஹபிபுல்லா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பி, வாக்குக் கொடுத்துவிட்டேன், அதை எடுக்க முடியாது, ஆனால் வேலைக்கு அனுப்புவார்களா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறேன் என்றார். நோன்புப் பெருநாள் கழிந்ததும் சொன்னபடியே சூலூர்பேட்டைக்குப் போய்க் கேட்டார். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும்.

ஆண்டவன் நம் பிழைகளை எல்லாம் திருத்திக் கொடுப்பதில்லை. சிலவற்றை நாம் பொறுத்துக்கொள்கிறோமா என்று பார்க்கிறான். மற்றவர் பிழையைச் சுமக்கிறவர்களுக்கு அவன் என்ன வைத்திருக்கிறான் என்பது இந்த உலகத்தில் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமில்லை.

பரீட்சை முடிந்து அடுத்த மாதம் பழவேற்காட்டில் நிக்காஹ் நடந்தது. ஹபிபுல்லா ராஜமாணிக்கத்தைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். வந்தவர்களை வரவேற்று, பிரியாணிக்கு உட்கார வைத்துக்கொண்டே, ஒவ்வொருவரிடமும் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொன்னார். என் பொண்ணு ஒரு மிஷின் செஞ்சிருக்குது, கை குறுக்கே வந்தா நின்னுடும், நானே கைய வெச்சிப் பாத்தேன், எத்தினி தடவ வெச்சாலும் நின்னுது என்றார். மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொன்னார். அவர்கள் மரியாதைக்காகத் தலையசைத்தார்கள்.

பெண்கள் பகுதியில், பூச்சரம் தொங்கும் முக்காட்டுக்குள் ஜபீன் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுமலதா உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் அவள் கம்பெனியில் சேர வேண்டும். குரல் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியபோது ஜபீனின் தோள்கள் குலுங்கின. பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று நினைத்து, சுற்றியிருந்த பெண்கள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அது அந்தக் குரலுக்கான அழுகை என்று சுமலதாவுக்கு மட்டும் தெரிந்தது. அவளும் கையை நீட்டி அந்த முதுகின் மேல் வைத்துக்கொண்டாள்.