இரட்டைப் பிள்ளை பெற்ற கால்

மல்லசமுத்திரத்தில் யாருக்குச் சுளுக்கு விழுந்தாலும் கிருத்திகாவைத் தேடித்தான் வருவார்கள். அவள் இரட்டைப் பிள்ளை பெற்றவள். அப்படிப் பெற்றவளின் இடது கால் மூன்று முறை மிதித்தால் எந்தச் சுளுக்கும் விட்டுப்போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நான்கு வருடமாக ஞாயிறு காலைகளில் யாராவது நொண்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழமாவது வைத்துவிட்டுப் போவார்கள்.

அதே வீட்டில் அவளுடைய நாத்தனார் சத்யபிரியா இருந்தாள். பகலில் கோழிப்பண்ணை அலுவலகத்தில் வேலை. மாலையில் திருச்செங்கோட்டில் பிசியோதெரபி உதவியாளர் வகுப்பு. எது தசை, அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் எது, எங்கே கிழிந்தால் எங்கே வீங்கும் என்று ஒன்றரை வருடமாகப் படம் வரைந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் காலை நீட்டியதில்லை. ஒரே ஒருமுறை, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வந்த அப்புசாமியிடம் ஐஸ் வைத்து ஓய்வாக இருக்கச் சொன்னாள்.

“ஐஸா? சளி புடிச்சுக்கும் சாமி. உங்க நங்கை எங்க?” என்று கேட்டார் அவர். அண்ணியை அங்கே நங்கை என்பார்கள்.

அண்ணியிடம் வருகிறவர்களை சத்யபிரியா ஒரு நோட்டில் குறித்து வந்தாள். பெயர், வலித்த இடம், எத்தனை நாளில் சரியானது. பதினேழு பேரில் பதினான்கு பேருக்கு ஒரு வாரத்தில் வலி போயிருந்தது. ‘யாரும் மிதிக்காமலே போயிருக்கும்’ என்று அடியில் எழுதினாள். பிறகு ‘போயிருக்கலாம்’ என்று திருத்தினாள். அதைப் படிக்கப் படிக்க, இது படிப்பா பொறாமையா என்று அவளுக்கே சந்தேகம் வந்து நோட்டை மூடிவிட்டாள்.

ஆவணி மாத ஞாயிறு ஒன்றில், முட்டை லாரி ஓட்டும் காளியண்ணனை அவர் மனைவி சரிதா தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள்.

“ஸ்டார்ட் ஆகாத வேன் ஒன்னத் தள்ளிட்டு இருந்தனுங்க. பொட்டுனு ஒரு சத்தம். பின்னால இருந்து எவனோ குதிகால்ல ஒதைச்ச மாதிரி இருந்துச்சு. எங்க கிளீனர் சிவக்குமாருதான்னு நெனச்சுத் திரும்பி அவன ஒரு அறை உட்டுட்டேன். பாவம், அவன் தள்ளி நின்னு டீ குடிச்சிட்டு இருந்திருக்கறான்!”

“அந்த டீயும் இவரு சட்டை மேலதானுங்க,” என்றாள் சரிதா.

எல்லோரும் சிரித்தார்கள். சத்யபிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குதிகால் நாண் அறுந்தவர்கள் உதைத்தது யாரென்று திரும்பிப் பார்ப்பார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். காளியண்ணன் கட்டிலில் குப்புறப் படுத்தார். இடது குதிகாலுக்கு இரண்டு விரல்கடை மேலே, வீக்கத்துக்கு நடுவில் ஒரு பள்ளம் தெரிந்தது. கிளட்ச் மிதிக்கிற கால்.

கிருத்திகா விளக்கெண்ணெய் எடுக்க உள்ளே போனாள்.

மிதிக்கட்டும் என்று தோன்றியது சத்யபிரியாவுக்கு. இன்றைக்கு மிதித்தால் ஒட்டிக்கொண்டிருப்பதும் அறும், மாதக்கணக்கில் இந்த மனிதர் எழுந்திருக்க மாட்டார். அதன்பிறகு இந்த வாசலுக்கு யார் வருவார்கள்? ஒரு பேச்சும் பேசாமல் சுவரோரம் நின்றாள். எண்ணெய் வந்தது. தடவியாயிற்று. கிருத்திகா சரிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினாள்.

“இருங்க நங்கை!”

தன் குரல்தானா என்று சத்யபிரியாவுக்கே தெரியவில்லை. “கொஞ்சம் கீழ நகந்து வாங்க மாமா. பாதம் ரெண்டும் கட்டிலுக்கு வெளிய தொங்கோணும்.”

முதலில் நல்ல காலின் கெண்டைச்சதையை அமுக்கினாள். பாதம் மெல்ல அசைந்தது. அடிபட்ட காலை அமுக்கினாள். அசையவில்லை. தப்பாகப் பிடித்துவிட்டோமோ என்று மறுபடி நல்ல காலை அமுக்கினாள், அசைந்தது. மறுபடி இதை, இல்லை. வகுப்பில் ஒருவர் காலை ஒருவர் அமுக்கிப் பழகியபோது அசையாத பாதம் ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

“என்ன சாமி, பால் கறக்கறயா?” என்றார் காளியண்ணன்.

“நாண் அறுந்திருச்சுங்க மாமா. மிதிக்கக் கூடாது, நீவக் கூடாது. இன்னைக்கே சேலத்துக்குப் போகோணும்.”

சரிதா கிருத்திகாவின் முகத்தைப் பார்த்தாள். கிருத்திகா தூக்கிய காலைக் கீழே வைத்தாள். “நா மிதிக்கலீங்க. பாப்பா சொல்றபடி போங்க,” என்றாள் நாத்தனாரைக் காட்டி.

சத்யபிரியா எண்ணெயைத் துடைத்தாள். முட்டை அட்டை இரண்டை மடித்து முட்டுக்கொடுத்து, பாதம் கீழ்நோக்கியே இருக்கும்படி துண்டால் கட்டினாள்.

சேலத்து டாக்டர் நாண் முழுதாக அறுந்திருந்ததாகச் சொல்லி மறுநாளே தைத்துவிட்டார். நீவாமல் கொண்டுவந்தது நல்லது, மறுபடி லாரி ஓட்டலாம் என்றாராம்.

பத்து நாள் கழித்து சரிதா பழத்தட்டும் ஜாக்கெட் துணியும் பூவுமாக வந்தாள். நேராகக் கிருத்திகாவிடம் போய் நீட்டினாள்.

“தூக்குன காலு அப்படியே நின்னுபோச்சே! ரெட்டப்புள்ள பெத்த காலுக்குத் தெரியாதுங்களா, எதை மிதிக்கலாம் எதை மிதிக்கக் கூடாதுன்னு?”

“நான் இல்லீங்க, பாப்பாதான் கண்டுபுடிச்சுது,” என்றாள் கிருத்திகா.

“உங்க தன்னடக்கம் யாருக்கு வரும்! பாப்பாவும் புடிச்சுப் பாத்துச்சு, இல்லைன்னு சொல்லலீங்க.”

சத்யபிரியாவுக்குக் காது மடல் சுட்டது. கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அண்ணி காலைத் தூக்கும்வரை வாய் திறக்காமல் சுவரோரம் நின்றவள் அவள். அண்ணி உண்மையைச் சொன்னதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. அதிலும் அண்ணிக்கே நல்ல பெயர்.

“மாவுக்கட்டு பிரிச்சதும் நீங்க ஒருக்கா நீவி உடோணுங்க,” என்று சரிதா கிருத்திகாவிடம் கேட்டாள்.

“கூடவே கூடாதுங்க அக்கா,” என்று சத்யபிரியா குறுக்கே வந்தாள். “பிரிச்சதும் பாதத்தை வளைக்கற பயிற்சி சொல்லுவாங்க. அவங்க சொல்ற அளவுக்கு மேல ஒரு நாளும் வளைக்கக் கூடாது. நா தெனமும் வந்து பாத்துக்கறேன்.”

சரிதா அவள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, கிருத்திகாவின் பக்கம் திரும்பினாள்.

கிருத்திகா தலையசைத்தாள்.

“அப்ப சரிங்க,” என்றாள் சரிதா.